கடைசி ஞாயிற்றுக் கச்சேரி

குன்னூருக்கு மேலே ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். சமுதாயக் கூடத்தின் சாவியும் முன்பதிவு நோட்டும் என் பொறுப்பு. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் கூடத்தை வாடகைக்கு விடக் கூடாது என்று மன்றத்தில் ஒரு தீர்மானம் இருந்தது. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வடிவேலின் ஆர்கெஸ்ட்ரா அங்கே கச்சேரி செய்யும். டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

வடிவேல் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தான். கச்சேரியில் கீபோர்டு வாசிப்பான். அவன் மனைவி தெய்வம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். பாதிக் கூட்டம் அவள் பாட்டுக்காகத்தான் வந்தது. அவள் மேல் ஸ்தாயியில் போய் நிற்கும்போது, தகரக் கூரையில் அடிக்கும் மழை யார் காதிலும் விழாது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து குடையோடு நடந்து வந்த பெண்கள் ஈரச் சேலையோடு அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். நானும் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருப்பேன். என் பெயர் நஞ்சப்பன் என்பதுகூட அந்த இரண்டு மணி நேரம் எனக்கு நினைவிருக்காது.

பச்சைத் தேயிலை விலை விழ ஆரம்பித்து இரண்டாவது வருடம் ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். பதினோரு பேர் இருந்த குழுவில் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் இறங்கிப் போனார்கள். ஆடி மாதம் மூன்று பேர்தான் மிச்சம்: வடிவேல், தெய்வம்மா, தபேலா வாசிக்கும் ஃபரீத். ஃபரீதுக்கு மார்க்கெட்டில் சொந்தக் கடை இருந்ததால் அவன் நகரவில்லை.

ஒரு நாள் வடிவேல் அலுவலகத்துக்கு வந்தான். அவனும் தெய்வம்மாவும் கீழே போகலாம் என்று இருப்பதாகச் சொன்னான். தேயிலை விலை திரும்பி ஏறும்போது வந்து மறுபடி கச்சேரியைத் தொடங்கினால் அந்த ஞாயிறு தங்களுக்குக் கிடைக்குமா என்று கேட்டான். தொடர்ந்து இரண்டு மாதம் நின்றால் தீர்மானம் செல்லாது, துணி விற்பனைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறார்கள் என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் படி இறங்கிப் போனான்.

அடுத்த வாரம் தெய்வம்மா மட்டும் அவிநாசிப் பக்கம் ஒரு நூல் மில்லில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். வடிவேல் இங்கேயே கேரட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ஒருத்தராச்சும் இங்க இருந்தாத்தானுங்க சார் கச்சேரி நிக்காது" என்றான். தான் போய் அவளை இங்கே வைக்கத்தான் நினைத்தானாம். குழுவை நடத்த அவனால்தான் முடியும் என்று அவள் சொல்லிவிட்டாளாம்.

மாதா மாதம் அவள் பஸ் ஏறி வந்தாள். ஆவணியில் நன்றாகவே பாடினாள். ஐப்பசியில் சுருதியை அரைக் கட்டை குறைக்கச் சொன்னாள். மலை ஏறி வந்ததில் சளி பிடித்துக்கொண்டது என்றாள். மார்கழியில் இன்னும் ஒரு கட்டை குறைத்தார்கள். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. வடிவேல் மிளகு கஷாயம் வைத்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்தான்.

தை மாதக் கடைசி ஞாயிறு. பொங்கல் முடிந்த சமயம். கூடம் நிறைந்திருந்தது. வடிவேல் அவள் பெயரைச் சொன்னதும் கை தட்டினார்கள். எப்போதும் முதலில் பாடும் தாலாட்டுக்கு அவன் முன்னிசை வாசித்தான். அவள் மைக் முன்னால் நின்றாள். வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவன் மறுபடி முதலில் இருந்து வாசித்தான். ஃபரீத் தாளத்தை விடாமல் பிடித்திருந்தான். இந்த முறை ஒரு சொல் வந்தது. அது கரகரத்து, பாதியில் உடைந்தது. மூன்றாவது முறை வாசிக்கத் தொடங்கியபோது அவள் அவன் பக்கம் திரும்பி வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு மைக்கில் சொன்னாள்.

"வர மாட்டேங்குதுங்க."

யாரும் எழுந்து போகவில்லை. அவள் மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குள் போனாள். வடிவேல் பாட்டு முழுவதையும் கீபோர்டிலேயே வாசித்து முடித்தான். இரண்டு இடத்தில் தப்பினான். அவன் தப்பி நான் கேட்டதே இல்லை.

நான் அறைக்குப் போனபோது அவன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நாளாக என்று கேட்டுக்கொண்டிருந்தான். கார்த்திகையிலேயே ஆசுபத்திரியில் பார்த்துவிட்டார்களாம். பஞ்சுத் தூசி தொண்டையையும் நெஞ்சையும் கெடுத்துவிட்டது, பேசலாம், பாட முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டார்களாம்.

"என்கிட்ட ஏம்புள்ள சொல்லல?"

"சொன்னா நீங்க இதைய உட்டுப்போட்டு என்னைக் கூட்டீட்டு வர வந்திருப்பீங்க" என்றாள் அவள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "அப்புறம் இந்த நாளு நமக்கு இல்லாமப் போயிருமுங்களே. சார்தான் சொன்னாரே."

அவன் அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சொல்வது எதுவும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தீர்மானத்தில் முழுதாக இருந்தது என்ன என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். தகுந்த காரணம் இருந்தால் மன்றம் கால நீட்டிப்புத் தரலாம் என்று அதிலேயே ஒரு வரி இருந்தது. நான் ஒரு பக்கம் குறிப்பு எழுதி மேலே வைத்திருந்தால் போதும், கிடைத்திருக்கும். அன்று வடிவேல் வந்து நின்றபோது அந்த வரி எனக்கு நினைவிருந்தது. கச்சேரி நிற்கக் கூடாது என்ற ஆசையில், பாட்டுக் கேட்பவனுடைய ஆசையில், அதை நான் சொல்லவில்லை. இதை அவர்களிடம் இன்றுவரை சொன்னதும் இல்லை.

அந்த வாரமே வடிவேல் வீட்டைக் காலி செய்துவிட்டு அவளோடு கீழே போனான். அவளை மில்லில் இருந்து நிறுத்திவிட்டு அவன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் வேலைக்குச் சேர்ந்தான் என்று ஃபரீத் சொன்னான். அதைக் கேட்ட அன்றைக்கே உட்கார்ந்து கால நீட்டிப்புக்குக் குறிப்பு எழுதினேன். மன்றமும் ஆறு மாதம் தந்தது. யாருக்காகத் தந்தது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மாசிக் கடைசி ஞாயிறு கூடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். மூன்று மணிக்கு எஸ்டேட்டில் இருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். கச்சேரி இல்லை என்றேன். அவர்களில் தபித்தாள் என்ற அம்மா, தெய்வம்மாவோடு ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர், அந்தப் புள்ள தொண்டை தேவலையாயிருச்சுங்களா என்று கேட்டார்.

தேவலையாகிவிட்டது, அங்கே பாடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் மலர்ந்தது. மற்றவர்களிடம் அதைச் சொல்லிக்கொண்டே சரிவில் இறங்கிப் போனார்.