சரவணையில் விட்டுப்போன கைகள்

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நயினாதீவு அம்மன் மேல் ஆணை, என் இரண்டு கண் மேலும் ஆணை. அதுவும் போதாதென்றால் என் மனைவியைக் கேளுங்கள். பக்கத்து வளவுதான், ஓலை விலகிய வேலிப் பொட்டுக்குள்ளால் எல்லாவற்றையும் பார்த்தவள் அவள்.

சரவணையில் மயூரநாதன் வீட்டில் ஒரு மாரியும் ஒரு பனம்பழக் காலமும் சமைத்தவை இரண்டு கைகள். மணிக்கட்டுக்கு மேலே ஆள் கிடையாது.

அவை மயூரநாதனின் மனைவி தக்ஷாயினியுடைய கைகள். நயினாதீவுப் பெண். கட்டி வந்த நாள் தொடக்கம் அந்த வீட்டில் முதல் எழும்புகிறவளும் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவள்தான். மாமியார் சிவயோகத்தின் தேத்தண்ணியில் ஆடை மிதக்கக் கூடாது, புருசனின் சேட்டில் மடிப்புக் கலையக் கூடாது, வந்தவர்கள் போகும்வரை முகத்தில் சிரிப்பு மாறக் கூடாது. பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் அவளைத்தான் சொன்னார்கள்; மயூரநாதனையும் ஒருக்கால் வைத்தியரிடம் காட்டலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுடைய தகப்பன் பாரிசவாதத்தில் விழுந்து நயினாதீவில் படுக்கையான செய்தி வந்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வரட்டோ என்று கேட்டாள்.

“நீர் போனா இஞ்சை ஆர் அடுப்பு மூட்டுறது?” என்றார் மயூரநாதன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

“போகட்டும் விடு தம்பி” என்றார் சிவயோகம். “கை ரெண்டையும் குசினியிலை வைச்சிட்டுப் போகட்டும். மிச்சத்தாலை எங்களுக்கு என்ன பிரயோசனம்?”

தக்ஷாயினி சொல் தட்டாத மருமகள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காப்புக் கழற்றுவதுபோல இடதுகையைக் கழற்றி அம்மியடியில் வைத்தாள். இரத்தம் வரவில்லை. பிறகு வலதுகையை எப்படிக் கழற்றினாள் என்று கேட்கிற கெட்டிக்காரர்கள் உண்டு. இடதுகை கழற்றியது. சேலைத் தலைப்பால் இரண்டு மணிக்கட்டையும் மூடிக்கொண்டு படலையைத் தோளால் தள்ளி அவள் போனாள்.

அவள் போனதை மயூரநாதன் அறியவில்லை. காலையில் காப்புச் சத்தம் கேட்டது, தேத்தண்ணி வந்தது; மத்தியானம் காப்புச் சத்தம் கேட்டது, சோறு வந்தது. ஒரு மனுசனுக்கு வேறு என்ன வேண்டும்? சிவயோகத்துக்குத் தெரியும். “இப்பதான் பிள்ளை, மருமகள் எண்டா மருமகள்” என்று வேலியடியில் வந்து என் மனைவியிடம் சொன்னாராம். “சோறும் கேக்காது, வாயும் காட்டாது.” வேலை இல்லாத நேரத்தில் கைகள் சுளகுக்குள் ஒன்றையொன்று பிடித்தபடி கிடக்கும். பூனை மட்டும் குசினிக்குள் போவதை நிறுத்திவிட்டது.

நயினாதீவில் தகப்பனுக்குக் கஞ்சி பருக்கியது பக்கத்து வீட்டு இராசேஸ்வரி மாமி. தக்ஷாயினி கட்டிலோரம் இருந்து முழங்கையால் அவருடைய நெற்றியைத் தடவினாள். அவளால் ஏலுமானது அவ்வளவுதான். ஆவணியில் ஒரு காலை அவர் போய்ச் சேர்ந்தார். செய்தி மயூரநாதனின் போனுக்கு வந்தது. மகள் தகப்பனுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள் என்று அங்கிருந்தவர் சொல்லத் தொடங்கும்போதே போனை வைத்துவிட்டு, குசினிப் பக்கம் திரும்பினார்.

“இஞ்சாரும், உம்மடை ஐயா போட்டாராம். சமையலை முடிச்சிட்டுப் போம்.”

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்கியது.

நயினாதீவில் வாய்க்கரிசி போடுகிற நேரம். தக்ஷாயினி முன்னே வந்தாள்.

“விடு பிள்ளை, கையில்லாமல் என்னெண்டு போடுவாய்?” என்றார் இராசேஸ்வரி மாமி.

“எனக்குக் கை இருக்கு மாமி. அது வேறை இடத்திலை வேலை செய்யுது.”

அவள் குனிந்து, இல்லாத கையைத் தகப்பனின் வாய்க்கு மேலே நீட்டினாள். தட்டத்தில் இருந்தது வெள்ளைப் பச்சையரிசி. தகப்பனின் வாயில் நிறைந்தது மயூரநாதன் வயலில் விளைகிற மொட்டைக்கறுப்பன் சிவப்பரிசி.

அதே நேரம் சரவணையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த வலதுகை ஒரு பிடியை அள்ளிக் காற்றில் போட்டது. ஒரு மணியும் நிலத்தில் விழவில்லை. “அரிசியை எங்கையடி கொட்டுறாய்?” என்று கதிரையில் இருந்த சிவயோகம் வாயைத் திறந்தார். அடுத்த பிடி அந்த வாய்க்குள் போனது. மெதுவாக, மிகவும் மரியாதையாக. பிறகு கைகள் ஒன்றையொன்று கழுவி, துவாயில் துடைத்து, அடுப்பை அணைத்துவிட்டு வங்களாவடிச் சந்தியில் நயினாதீவு வள்ளத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறின. கொண்டக்ரர் றொமேஷ் கொஞ்சம் யோசித்து அரை ரிக்கெற் போட்டார்.

சிவயோகம் சாகவில்லை. ஆனால் வாய்க்கரிசி போட்டால் போட்டதுதான், திருப்பி எடுக்க ஏலாது என்று ஐயர் சொல்லிவிட்டார். முறைப்படி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நடந்தது. சிவயோகம் முன்வரிசையில் இருந்து வடைக்கு உப்புக் குறைவு என்றார், யாருக்கும் கேட்கவில்லை. இப்போது மாலை போட்ட தன் படத்துக்குக் கீழே இருந்து நாள் முழுக்க ஏவுகிறார். செத்தவர் ஏவி யார் வேலை செய்வது?

மயூரநாதன் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி மனைவியிடம் போனார். அவள் தன் கையால் சமைத்த சோற்றை, அதே கையால், சூடாக, முதல் ஆளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“வீடு போட்டது போட்டபடி கிடக்கு. வாரும்” என்றார்.

“என்னைக் கூப்பிட வந்தனீங்களோ, கையைக் கூப்பிட வந்தனீங்களோ?”

மயூரநாதன் பொய் சொல்லத் தெரியாத மனுசர். யோசித்தார். கடைசி வள்ளம் ஊதியது, யோசித்தபடியே ஏறினார். இன்னும் யோசிக்கிறாராம். சரவணையில் மத்தியானத்தில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தால் அது அவருடைய குசினிதான் என்று எங்களுக்குப் பழகிவிட்டது.

இதை எழுதி முடிக்கும்போது காப்புச் சத்தம் கேட்டது. மேசையில் தேத்தண்ணி வந்திருக்கிறது. சூடாக, சீனி அளவாக. மணிக்கட்டுக்கு மேலே நான் பார்க்கவில்லை. என் மனைவி சாட்சி என்று முதலிலேயே சொன்னேன்.

நான் கல்யாணம் கட்டாதவன்.