வால் இல்லாத வரிசை

மூன்று மணிக்கு விடுகிற பள்ளிக்கு, இரண்டு முப்பத்தைந்துக்கு ஒருவன் "இன்னைக்கு என்னால வர முடியாது" என்று செய்தி அனுப்பினால் அவனை என்ன செய்யலாம்? கல்லூரி நூலகப் படிக்கட்டில் நின்று அந்த ஒரு வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். படியேறி வந்துகொண்டிருந்த பேராசிரியர் ஒருவர் மறுபக்கமாக ஒதுங்கிப் போனார்.

எங்கள் தொழில் இதுதான்: அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளி விட்டதும் வரிசையாக நடத்திக் கூட்டிப்போய் அவரவர் வீட்டில் சேர்ப்பது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆறு பேர் சேர்ந்து ஆரம்பித்தோம். ஒரு வரிசைக்கு இரண்டு பேர். முன்னால் போகிறவர் தலை, பின்னால் வருகிறவர் வால். தலை சாலையைப் பார்க்கும், வால் பிள்ளைகளைப் பார்க்கும். வீடு வருகிற வரிசையிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண். ஒவ்வொரு சாலையைக் கடந்த பிறகும் தலை "எண்ணுங்க" என்று குரல் கொடுக்க, பிள்ளைகள் தங்கள் எண்ணை வரிசையாகச் சொல்லும். இந்த ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடித்தவள் நான். அதில் எனக்குத் தாங்க முடியாத பெருமை.

செய்தி அனுப்பியவன் என் வரிசையின் வால். ஒட்டடைக்குச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"இன்டர்வியூ. இப்பதான் கூப்பிட்டாங்க. நான் என்ன பண்றது?"

"அரை மணி நேரத்துல நான் யாரப் புடிக்கிறது? கழுத்த அறுத்துட்டியேடா."

"ஒரு நாள்தான. சமாளி."

மற்றவர்களைக் கூப்பிட்டேன். ஒருத்தி ஆய்வகத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் இன்னொரு பள்ளியின் வரிசைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்தவன் போனை அணைத்துவிட்டுத் தூங்குகிற பிறவி.

ஆள் குறைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பள்ளிக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டுப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். போன வாரம்தான் அப்படிச் செய்திருந்தோம். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்குறோம்மா" என்று தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்தச் சிரிப்பை நினைத்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஒன்பது பிள்ளைகள்தானே, ஒரு நாள்தானே என்று தனியாகவே கிளம்பினேன்.

முதல் சாலையைக் கடந்தோம். "எண்ணுங்க" என்றேன். ஒன்று முதல் ஒன்பது வரை கணீரென்று வந்தது. வாலும் இல்லாமல் வாலாட்டமும் இல்லாமல் வரிசை நடக்கிறதே என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். ஒன்றை மருந்துக் கடை மாடியில் விட்டேன். இரண்டும் மூன்றும் அக்கா தம்பி, ஒரே வீடு. அவர்களுடைய சித்தி கதவைத் திறந்து இரண்டு பேரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

இரண்டாவது சாலையைக் கடந்தபோது வண்டி அதிகமில்லை. அதனால் அன்றைக்கு முதல்முறையாகத் திரும்பி நின்று பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன்.

"நாலு."

"அஞ்சு."

"ஆறு."

"ஏழு." அதைச் சொன்னது எட்டாம் நம்பர் பையன். மூச்சு விடாமல் "எட்டு" என்றும் அவனே சொன்னான்.

"நீ எதுக்குடா ஏழு சொன்ன?"

"அவ பேச மாட்டாக்கா. எப்பவும் நான்தான் சொல்லுவேன்."

"அவ எங்க?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். "வால் அண்ணன் கூடத்தான் வருவா."

"வால் அண்ணன்தான் இன்னைக்கு வரலயே."

"ஆமால்ல" என்றான்.

நான்கு, ஐந்து, ஆறு, எட்டு, ஒன்பது. ஐந்து தலைகளையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். கூட்டிப் பார்த்தால் ஆறாவது தலை முளைத்துவிடும் என்பதுபோல மூன்றாம் முறையும் எண்ணினேன். ஏழாம் நம்பர், ஐந்து வயதுப் பெண். இரட்டைச் சடை, பச்சைப் பை. அவள் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தால் வரவேயில்லை. பின்னலும் பையும்தான் வந்தன. இரண்டு மாதமாக நான் தலையாகவே இருந்திருக்கிறேன், ஒரு நாள்கூட அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

இந்த ஐவரை விட்டுவிட்டு ஓடவும் முடியாது. விடாமல் தேடவும் முடியாது. கடைசியில் "எல்லாரும் கையக் கோத்துக்கங்க, திரும்பி ஓடுறோம்" என்றேன். பந்தயம் என்று நினைத்துப் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஓடிக்கொண்டே ஒட்டடைக்குச்சிக்குப் போன் போட்டேன். நல்லவேளை, அவனை இன்னும் உள்ளே கூப்பிடவில்லை.

"ஏழக் காணோம்டா."

"நீ கையப் புடிச்சியா?" என்றான்.

"எதுக்கு?"

"கையப் புடிச்சாத்தான் நடப்பா. முதல் வாரத்துலேருந்தே அப்படித்தான். வாயத் தொறக்க மாட்டா. அவளுக்கும் சேத்து எட்டு சொல்லட்டும்னு நான்தான் விட்டேன்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கவே இல்லயே. எண்ணிக்கை சரியா வருதான்னு மட்டும்தான் கேப்ப."

திட்ட நினைத்தேன். போனை வைத்துவிட்டு ஓடினேன். அக்கா தம்பி வீட்டு முனையில் மூடி இல்லாத சாக்கடை ஒன்று இருந்தது; தினமும் பார்க்கிற சாக்கடைதான். அன்றைக்கு அதற்குள் குனிந்து பார்த்தேன். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். "பச்சப் பையா? தெரியலயேம்மா, எத்தனையோ பிள்ளைங்க போகுது" என்றார். மணல் லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனது. அதன் சக்கரம் என் இடுப்பு உயரம் இருந்தது. சக்கரத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

முதல் சாலையைத் திரும்பக் கடந்து பள்ளி வாசலுக்கு வந்தோம். கேட் பூட்டியிருந்தது. காவல்காரர் நாற்காலியை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் நீங்கதான கூட்டிட்டுப் போனீங்க?"

"ஒரு பாப்பா உள்ள இருக்கா பாருங்கண்ணா."

அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஈ காக்கா இல்லம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகமும் மாறியது. "போலீசுக்குச் சொல்லவா?"

சொல்லுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அப்போது ஒன்பதாம் நம்பர் குட்டி என் சட்டையை இழுத்து, "அக்கா, அவ அங்கதான நிக்கிறா" என்றாள்.

சாலையைக் கடக்கிற இடத்துக்கு ஐந்தடி முன்னால் ஒரு சரக்கு வேன் நின்றிருந்தது. அந்த வேனுக்கும் மதிலுக்கும் நடுவில், பையின் இரண்டு வார்களையும் பிடித்துக்கொண்டு ஏழு நின்றிருந்தாள். பள்ளி வாசலிலிருந்து பார்த்தால்தான் தெரியும். இப்போதுதான் அந்த வேனின் ஓரமாக எல்லோரும் ஓடி வந்திருந்தோம்.

ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டேன். கை, கால், முகம், எல்லாம் இருந்தது. எனக்குத்தான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழவில்லை.

"நாங்க ஓடினத பாத்தியா?"

தலையாட்டினாள்.

"ஏம்மா கூப்பிடல? பின்னாடியே வந்திருக்கலாம்ல?"

எட்டு வழக்கம்போல அவளுக்காகப் பேசினான். "வால் பின்னாடி இல்லன்னா நின்ன இடத்துலயே நிக்கணும்னு நீங்கதானக்கா முதல் நாள் சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். ஒன்பது பேரில் ஒருத்திதான் அதன்படி நின்றிருந்தாள். அவளைத்தான் நான் விட்டுவிட்டுப் போனேன்.

நான்கையும் ஐந்தையும் ஆறையும் அவரவர் வீட்டில் விட்டேன். ஏழின் கை என் கைக்குள்ளேயே இருந்தது. அவள் வீடு இரண்டாம் மாடி. ஏறும்போதே யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது. சாலையில் நெரிசல் என்று சொல்லலாம். எட்டு உளறினாலும் பிள்ளைப் பேச்சு என்று சிரித்து மழுப்பலாம். ஏழு சொல்லவே மாட்டாள். இன்றைக்கு மட்டுமல்ல, யார் என்ன செய்தாலும் இந்தப் பிள்ளை சொல்லாது. அது உறைத்தபோது சாக்கடைக்குள் குனிந்து பார்த்தபோது வராத பயம் எனக்கு வந்தது.

அவள் அம்மா நர்ஸ், அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தார். ஈரத் தலையைத் துண்டில் சுற்றியபடி கதவைத் திறந்தார். "என்னம்மா இவ்வளவு லேட்டு?"

சொன்னேன். ஆள் வராதது, நான் தனியாகக் கிளம்பியது, வேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"எவ்வளவு நேரம் நின்னா?"

"நாப்பது நிமிஷம்."

அவர் மகளைத் தூக்கிக்கொண்டார். தூக்குகிற வயதைத் தாண்டிய பிள்ளைதான். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உங்கள நம்பி நான் அனுப்பல" என்றார். "வேற ஆளில்லாம அனுப்புறேன். நாளைக்கும் எனக்கு டூட்டி இருக்கு. யாரு வருவீங்க?"

"ரெண்டு பேரு வருவோங்க. ரெண்டு பேர் இல்லன்னா பள்ளியிலயே உக்கார வச்சுட்டு உங்களுக்குப் போன் பண்றேன்."

"போன் பண்ணா?" என்றார். "வார்ட விட்டுட்டு நான் எப்படிம்மா வர்றது? அங்கயும் என்னத் தவிர வேற ஆள் கிடையாது."

அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினார். எட்டும் ஒன்பதும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"அக்கா, கை வலிக்குது" என்றான் எட்டு.

நான் விடவில்லை.