கதவைத் தட்டியவன்

எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிறவன் அந்நியன். லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் பிறந்தவர்களின் காது அப்படித்தான் பழகியிருக்கிறது. சொந்தக்காரனும் பக்கத்து வீட்டானும் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். தட்டினால் ஒன்று போலீஸ், இல்லாவிட்டால் வழி கேட்கும் சுற்றுலாக்காரன்.

அந்தச் சனிக்கிழமை நான் இரண்டு வரவுகளை எதிர்பார்த்திருந்தேன். ஒன்று, மேட்டில் இருக்கும் எங்கள் பழைய மாட்டுக்கொட்டகைக்கு. அதைக் குளியலறை, கணப்பு எல்லாம் வைத்து விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். அமெரிக்காவிலிருந்து கணவன் மனைவி இரண்டு பேர் வருவதாக, முன்பதிவைக் கவனிக்கும் பெண் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். இன்னொன்று, என் அண்ணன் மகன் ஃபின்லே.

அண்ணன் அலிஸ்டர் இருபது வயதில் கனடா போனவன். போன வருஷம் அங்கேயே செத்துப்போனான். நான் குடியிருக்கும் வீடும் அந்தக் கொட்டகையும் எங்கள் இருவர் பேரிலும் இருந்ததால், அவன் பாதி இப்போது மகன் கைக்குப் போய்விட்டது. அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை. மூன்று வரியில் ஒரு கடிதம் எழுதியிருந்தான். சனிக்கிழமை வருகிறானாம், வீட்டைப் பார்த்துவிட்டு விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வானாம். அவன் பங்கை வாங்க எனக்கு வக்கில்லை. அவன் விற்றால் அறுபத்து மூன்று வயதில் இந்த டோலினா மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மதியம் ஓர் ஆணும் பெண்ணும் பெட்டிகளோடு நேரே என் அடுப்படிக்கு வந்து நின்றார்கள். தட்டவில்லை, வாசலில் நின்று குரல் கொடுக்கவும் இல்லை. எனக்கு மனசு நிறைந்துபோனது. கனடாவில் வளர்ந்தும் பையன் முறை தெரிந்து வருகிறானே என்று அண்ணனை மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

"வணக்கங்க, நாங்க வந்து..." என்று அவன் ஆரம்பித்தான்.

"நீ யாருன்னு எனக்குத் தெரியாதா? மூக்கே சொல்லுதே. முதல்ல உட்காருங்க, சாப்பிடுங்க. மத்த பேச்செல்லாம் அப்புறம்."

அவன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பசியோடு வந்தவனிடம் ஊர் பேர் விசாரிப்பது எங்களுக்கு அவமானம். சாப்பிட்ட பிறகு கேட்பது அதைவிட அவமானம். கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே என்று மட்டும் உறுத்தியது. போகட்டும், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் எழுதுகிறார்கள்.

என் படுக்கையறையையே அவர்களுக்குக் கொடுத்தேன். மாடிப்படியில் ஏறும்போது அந்தப் பெண் அவனிடம், "இவ்வளவு கவனிப்பாங்கன்னு விளம்பரத்துல போடவே இல்லையே," என்றாள். என்ன விளம்பரம் என்று எனக்குப் புரியவில்லை. அண்ணன் என்னைப் பற்றி அங்கே என்ன சொல்லிவைத்தானோ.

அவர்கள் மேலே பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, மெதுவாக, மரியாதையாக. கொட்டகைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஓட்ஸ் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மேட்டு வீடு. சாவி வாசல்ல பலகைக்கல்லுக்கு அடியில இருக்கு. மத்ததெல்லாம் மேசைமேல தாள்ல எழுதி வெச்சிருக்கேன், படிச்சுக்கோங்க," என்று கத்தினேன்.

பிறகு சரளைக்கல்லில் காலடிச் சத்தம் மேட்டுப் பக்கம் போனது.

பிற்பகல் அவர்களைக் காரில் ஏற்றி, ஆதிகாலத்தில் வட்டமாக நட்டுவைத்த நிற்கும் கற்களைக் காட்டினேன். அங்கிருந்து கடலோரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வாள் செதுக்கிய பழங்காலக் கல்லை எல்லாரும் போலப் படம் எடுத்தார்கள். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் என் அப்பாவின் கல்லின் முன் நிறுத்தினேன்.

"இதோ, உன் தாத்தா."

"என் தாத்தாவா?"

"பின்னே என் தாத்தாவா?"

அவள் அவனை முழங்கையால் இடித்து ஏதோ கிசுகிசுத்தாள். அவன் தொப்பியைக் கழற்றினான். "ரொம்ப நல்ல தாத்தா," என்றான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவன் என்ன மந்தபுத்தியா? இல்லை, அழுகையை அடக்குகிறானா? இனியும் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை என்று வாய்விட்டே கேட்டேன்.

"வீட்டை என்ன பண்றதா உத்தேசம்?"

"வியாழக்கிழமை வரைக்கும் இருப்போம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வேற யாராவது வந்துடுவாங்க, இல்லையா? இப்படிப்பட்ட இடத்துக்கு ஆளா கிடைக்காது?"

சிரித்துக்கொண்டே சொன்னான். வியாழக்கிழமை. வீட்டை வாங்க ஆளைக்கூடப் பிடித்துவைத்திருக்கிறான். திரும்பும் வழியெல்லாம் என் சாமான்களை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். அவளோ பின்னால் உட்கார்ந்து, செம்மறி ஆடுகள் என்ன அழகு என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து இறங்கும்போது மேட்டு ஜன்னலில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இரண்டு பேர் என்றார்களே. அன்றைக்கு எந்தக் கணக்குமே சரியாக வரவில்லை.

மறுநாள் தேவாலயம் முடிந்து வெளியே வந்ததும் அடுத்த வீட்டுக் கென்னினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் துக்கம், முகத்தில் சந்தோஷம்.

"டோலினா, உன் கொட்டகைக் கொடியில படுக்கை விரிப்பு பறக்குது. ஞாயித்துக்கிழமை. பாதிரியார் கார் அந்த வழியாத்தான் வந்துது. நான் எதுவும் சொல்லல."

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள், சமைப்பதே இல்லை, சூப்பைக்கூடச் சனிக்கிழமையே வைத்துவிடுவோம். கொடியில் துணி என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டை இழக்கப்போகும் ஆத்திரம் முழுவதையும் சேர்த்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். ஒல்லியாக ஒருவன், வயது முப்பத்தைந்து இருக்கும், இரண்டாவது விரிப்பை உதறிக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, இன்னிக்கு என்ன கிழமைன்னு தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை."

"தெரிஞ்சுமா தொங்கவிடறே? ஊரே பார்த்துட்டுப் போகுது."

"மன்னிச்சுக்கோங்க. கிளம்பறப்போ விரிப்பை உருவித் தோய்ச்சுப் போடணும்னு தாள்ல இருந்துது. குப்பையைக்கூட எடுத்து வெச்சுட்டேன்."

"நேத்துதானே வந்தீங்க, அதுக்குள்ள என்ன கிளம்பறது? உன் பொண்டாட்டி எங்கே?"

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அத்தை."

அவன் அத்தை என்று சொன்னது காதில் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் மண்டையில் ஏறியது. அவன் மூக்கைப் பார்த்தேன். அது எங்கள் குடும்பத்து மூக்கே இல்லை. ஆனால் ஈரக் கையைக் கால்சட்டையின் பின்பக்கம் துடைத்துக்கொண்டான் பாருங்கள், அது அலிஸ்டர். அம்மாவிடம் எத்தனை அடி வாங்கியும் விடாத பழக்கம்.

அப்படியானால் என் கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பது யார்?

"நீ ஏண்டா கதவைத் தட்டினே?" என்றேன்.

"கதவைத் தட்டறது தப்பா?"

"சொந்த வீட்டுக் கதவை எவன் தட்டுவான்?"

"சொந்த வீடுதானான்னு தெரியாமத்தான் அத்தை தட்டினேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூக்கை, கல்லறையை, நல்ல தாத்தாவை. அவன் சிரிக்கவில்லை. விற்றுவிடச் சொல்லி வக்கீலுக்கு நேற்றே கடிதம் எழுதிவிட்டதாகவும், அது சட்டைப்பையில் இருப்பதாகவும் சொன்னான்.

"பார்க்கவே பிரியப்படாம வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க, இதுக்கு மேல என்னன்னு நெனச்சேன்."

"இப்போ என்ன பண்ணப்போறே?"

"தெரியல. இந்த விரிப்பை எடுத்துடட்டுமா?"

"ஐயோ, இன்னிக்கு எடுக்கவும் கூடாது. நாளைக்குத்தான்."

"ஞாயித்துக்கிழமை கடிதம் போடவும் கூடாதா?"

"கூடாது," என்றேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியாது.

இருவரும் இறங்கி வந்தோம். என் வீட்டு வாசலில் கதவு சாத்தியிருந்தது. பழக்க தோஷத்தில் அவன் கை மேலே போய், கதவுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. நான் பின்னாலேயே நின்றேன். சொல்லிக்கொடுத்து அவன் உள்ளே வருவதில் எனக்கு இஷ்டமில்லை.

அவன் கையை இறக்கினான். பிறகு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனான்.

அங்கே அந்த அமெரிக்கன் என் சமையல் அங்கியைக் கட்டிக்கொண்டு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் மனைவி கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஃபின்லேயை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நீங்க யாரு? மேட்டு வீட்டுக்கு வந்திருக்கறவரா?" என்று அவன் உபசாரமாகக் கேட்டான்.

ஃபின்லே சட்டைப்பையிலிருந்த உறையை எடுத்தான். அடுப்பின் கதவைத் திறந்து நெருப்பில் போட்டான். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"இல்லீங்க," என்றான். "நான் இந்த வீட்டுப் பையன்."