பட்டாபட்டிக்குள் ஒரு சேலைத் துணி

காசிமாயனின் பட்டாபட்டி டவுசருக்குள் ஒரு சேலைத் துணி இருந்தது. துவைப்பதற்காகச் சோப்புப் போட்டு உள்பக்கம் புரட்டியபோதுதான் அழகம்மாள் அதைப் பார்த்தாள். இரண்டு காலும் சேருகிற இடத்தில், கனத்த தையல் ஓட வேண்டிய இடத்தில், அந்தத் தையலைப் பிரித்துவிட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. வாடாமல்லி நிறத்தில் வெள்ளைப் பொட்டுப் போட்ட சுங்கடி. துவைத்துத் துவைத்துப் பஞ்சு போலாகிவிட்ட துணி.

தன்னிடம் இருக்கிற சேலைகள் அத்தனையும் அழகம்மாளுக்கு மனப்பாடம். கிழித்துக் கரித்துணியாக்கியவைகூட நினைவில் இருந்தன. வாடாமல்லி தன் நிறத்துக்கு எடுக்காது என்று அவள் அதைக் கையால் தொட்டதே கிடையாது. தையலும் கடைத் தையல் இல்லை. நெருக்கமாக, அவசரமில்லாமல், மடியில் வைத்துக்கொண்டு ஒரு பொம்பளை தைத்த கைத்தையல். டவுசரை அப்படியே வாளிக்குள் போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காசிமாயனுக்கு வெற்றிலை வியாபாரம். செல்லூரிலிருந்து விடியும் முன்னே சைக்கிளில் சோழவந்தானுக்குப் போவான். வெற்றிலைக் கொடிக்காலில் கட்டுகளை வாங்கி, வாழை மட்டையில் பொதிந்து, தண்ணீர் தெளித்து, கேரியரில் ஆள் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு சிம்மக்கல் கடைகளுக்குக் கொண்டுவந்து போடுவான். வெயில் ஏறும்போது வீட்டுக்கு வருவான். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுகிற ஆள் இல்லை. அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் அழகம்மாளே பேசினாள். குழாயடியில் அவள் வந்து குடத்தை வைத்தால் மற்ற பெண்கள் தண்ணீர் பிடித்த பிறகும் போகாமல் நிற்பார்கள். தப்பான மண்டபத்தில் நுழைந்து யார் கல்யாணத்திலோ பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் காசிமாயன் திரும்பி வந்த கதையை அவள் சொல்லும்போது வயிறு புண்ணாகச் சிரிப்பார்கள். அவளுக்குப் புருஷன் மேல் கொள்ளைப் பிரியம். பிரியமான ஆளைப் பற்றித்தானே ஓயாமல் பேசத் தோன்றும் என்று நினைத்தாள்.

அன்று கல்லின் மேல் உட்கார்ந்து யோசித்தபோது கடந்த சில வாரங்களில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. பத்து வருஷமாக, வந்ததும் குளியுங்கள் என்று இவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் கேட்காத மனுசன், இப்போது சைக்கிளை நிறுத்திய கையோடு குளியலறைக்குள் போனான். குளித்துவிட்டு, போட்டிருந்ததை அவிழ்த்துப் போட்டுத் துவைத்ததைக் கட்டிக்கொண்டான். சட்டைப் பையில் ஒரு வாசலின் டப்பா இருந்தது. பனிக்காலத்தில்கூட உதட்டுக்குத் தடவாதவனுக்குச் சித்திரை வெயிலில் வாசலின் எதற்கு? கீழே வெக்கையாக இருக்கிறது என்று பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். சோற்றைக்கூட நின்றுகொண்டு தின்றான். கேட்டதற்குக் கட்டுத் தூக்கியதில் இடுப்புப் பிடித்திருக்கிறது என்றான். நடுவில் நாலைந்து நாள் சைக்கிளை எடுக்கவே இல்லை. ரிம் கோணிவிட்டது என்று சொல்லி பஸ்ஸில் போனான். ரிம் நேராகத்தான் இருந்தது, இவள் பார்த்தாள்.

யாரோ ஒருத்தி அவனைக் குளிக்க வைத்திருக்கிறாள். அதுதான் அழகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தன்னால் முடியாததை அவள் முடித்திருக்கிறாள். அவள் சொன்னால் கேட்கிறான்.

அவனிடம் எதுவும் கேட்கவில்லை. குழாயடியிலும் அன்று பேச்சில்லை. மறுநாள் சிம்மக்கல்லுக்குக் காய் வாங்கப் போவது போலப் போய், அதே தொழில் செய்கிற சுருளியிடம் பேச்சுக் கொடுத்தாள். வெயிலில் இம்புட்டுத் தூரம் மிதித்து வருகிறீர்களே, வழியில் எங்கேயாவது உட்கார்ந்து தண்ணி குடித்துவிட்டு வந்தால் என்ன என்று அக்கறையாகக் கேட்டாள். சுருளி வெள்ளந்தியான ஆள்.

"அண்ணே நின்னுதான் மதினி வருது. தேனூரு தாண்டுனதும் நர்சம்மா வீடு இருக்குல்ல, அங்கன சைக்கிளச் சாத்திட்டுத் தண்ணி குடிச்சிட்டு வரும்" என்றான்.

அதற்கடுத்த நாள் காலையில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அழகம்மாள் சோழவந்தான் பஸ்ஸில் ஏறினாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழி நெடுகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனாள். முதலில் அமைதியாகக் கேட்டுப் பார்த்தாள், பிறகு முடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வாய்க்கால் ஓரத்தில் ஓட்டு வீடு. வெளியே ஒரு லேடீஸ் சைக்கிள். திண்ணையில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அழகம்மாளும் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளே, கட்டில் தெரியாமலிருக்க மறைப்பாக ஒரு துணி தொங்கியது. வாடாமல்லிச் சுங்கடி. ஒரு ஓரத்தில் கத்தரியால் வெட்டி எடுத்திருந்தது.

நர்சின் பெயர் விஜயம். நாற்பதை ஒட்டிய வயது, கண்ணாடி, வெயிலில் கறுத்த முகம். அழகி என்று சொல்ல முடியாது. அதுவும் அழகம்மாளுக்கு ஆறுதலாக இல்லை. அழகியாக இருந்தால் காரணமாவது விளங்கியிருக்கும். அவள் முறை வந்ததும், எந்த ஊர், எத்தனையாவது மாசம் என்று விஜயம் கேட்டாள். செல்லூர், காசிமாயன் சம்சாரம் என்றாள் அழகம்மாள், குரலைக் கெட்டியாக்கிக்கொண்டு.

விஜயத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணன் வீட்டம்மாவா? உள்ள வாங்க. அண்ணனுக்குப் புண்ணு ஆறிருச்சா?"

எந்தப் புண் என்று அழகம்மாளுக்குத் தெரியாது. கட்டின புருஷன் உடம்பில் ஒரு புண் இருந்திருக்கிறது, ஊர் பேர் தெரியாத ஒருத்தி அது ஆறிவிட்டதா என்று தன்னிடம் விசாரிக்கிறாள். தெரியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆறிருச்சு" என்றாள்.

விஜயம் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். அவளும் ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கும் சீட்டு உரசித் தொடையிடுக்கில் கட்டி வந்து, சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, காய்ச்சலோடு மிதித்திருக்கிறாள். அதனால் சீட்டில் உட்காராமல் நின்றுகொண்டே மிதித்துப் போகிறவர்களைக் கண்டால் அவளுக்கு உடனே தெரிந்துவிடும். காசிமாயன் அப்படித்தான் தினம் எதிரே போயிருக்கிறான். ஒரு நாள் சுமையோடு வாய்க்காலுக்குள் சாயப் பார்த்தவனை நிறுத்திக் கேட்டபோது கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கி, மேலெல்லாம் காய்ச்சலில் கொதித்ததாம். விஜயமே டாக்டரிடம் கூட்டிப் போய் அதைக் கீறிச் சீழை எடுக்க வைத்தாள். கட்டு மாற்றிவிட்டதும் அவள்தான். காயும் வரை சைக்கிளைத் தொடக் கூடாது என்று பஸ்ஸில் போகச் சொன்னாள்.

கட்டி வந்த காரணத்தையும் அவளே கண்டுபிடித்திருந்தாள். வெற்றிலைக் கட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சீட்டை நனைத்து, டவுசரை நனைத்து, அந்த ஈரத்தோடே வீடு வரை மிதிப்பது ஒன்று. பட்டாபட்டியின் தடித்த தையல் அதே இடத்தில் அறுப்பது ஒன்று. பெடல் அவன் காலுக்கு எட்டாத உயரத்தில் சீட்டு இருந்ததால் இடுப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி உரசியிருக்கிறது. அதன் மூக்கு வேறு மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஸ்பானர் வாங்கி இறக்கிச் சமமாக வைக்கச் சொன்னாள். வெற்றிலைக் கட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போடச் சொன்னாள். டவுசர்களின் தையலைப் பிரித்துப் பழைய சுங்கடித் துண்டை வைத்துத் தானே தைத்தும் கொடுத்தாள். வீட்டுக்குப் போனதும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காய்ந்த துணி கட்ட வேண்டும். கிளம்பும் முன் வாசலின் தடவ வேண்டும். மறுபடி சின்னதாகக் கட்டி தலை காட்டினால் நசுக்கிவிடக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இரண்டு நாள் இறங்கி நடக்க வேண்டும்.

"வீட்டுல சொல்லுங்கண்ணேன்னு நானும் சொன்னேன்" என்றாள் விஜயம். "அவகிட்டச் சொன்னா சாயங்காலம் குழாயடில சிரிப்பாங்க நர்சம்மான்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அழகம்மாள் வெந்துகொண்டு வந்தாள். சந்தேகப்பட்டது போல ஒன்றுமில்லை என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. ஆனால் எரிச்சல் குறையவில்லை, கூடியது. புண்ணைக் காட்டியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் நாலு வார்த்தை பேசாதவன் அந்தக் கட்டிலில் இருந்துகொண்டு பெண்டாட்டியைப் பற்றிப் பேசியிருக்கிறான். அதைக் கேட்டு அவள் சிரித்திருக்கிறாள். குழாயடியில் தான் செய்வதும் அதுதானே என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அதை அப்போது அவள் கிட்டே சேர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே வழுவழுப்பான பூனம் சேலையை எடுத்தாள். மயில்கழுத்துப் பச்சை, தலைத் தீபாவளிக்கு எடுத்தது. யோசிக்காமல் முந்தானையைக் கிழித்தாள். டவுசர்களிலிருந்து சுங்கடியைப் பிரித்து வெந்நீர் அடுப்புக்குள் போட்டாள். பிறகு, நர்ஸ் தைத்ததைவிட உறுதியாக இருக்கட்டும் என்று பூனம் துணியை ஓரம் மடித்து, மடித்ததன் மேலே இரட்டைத் தையல் போட்டாள்.

அவன் அதைப் பார்த்தானா இல்லையா என்று தெரியவில்லை. போட்டுக்கொண்டு போனான், வந்தான், குளித்தான். ஒன்றும் கேட்கவில்லை. அழகம்மாளுக்கு ஜெயித்துவிட்டது போல இருந்தது. ஆனால் அந்த வாரக் கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, காலை அகட்டி அகட்டி வைத்து அவன் தெருவுக்குள் வருவதைப் பார்த்தாள். சைக்கிளில் காற்று இருந்தது. அவன் உதடு வெளுத்திருந்தது.

அவனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். நர்சம்மா வீட்டுப் பக்கம்தானே வந்தீர்கள், அங்கேயே இறங்கிக் காட்டியிருக்க வேண்டியதுதானே என்று கேட்டாள்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எப்படிப் போறது. நீ அங்க வந்துட்டுப் போனத அவுக சொன்னாக. நீ தச்சதுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இது உறுத்துது, மாத்திக் குடுங்கன்னு அவுககிட்டப் போயி நிக்கச் சொல்றியா."

"அப்ப எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான."

"சொன்னா, அவ தச்சது மட்டும் மெத்தையா இருந்துச்சோன்னு கேப்ப."

அழகம்மாள் அதையேதான் சொல்லியிருப்பாள், ஒரு எழுத்து மாறாமல். சேலை பாழானது, அடுப்பில் துணி எரிந்தது, பஸ்ஸில் நினைத்தது எல்லாம் சேர்ந்துகொண்டு வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு வெந்நீர் வைத்தாள்.

"காட்டுங்க" என்றாள்.

"சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல. காட்டுங்க."

பழைய தழும்புக்குப் பக்கத்திலேயே தோல் உரிந்து, சிவந்து, இரண்டு சின்னக் கட்டிகள் கிளம்பியிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதை வைத்துக்கொண்டா அம்புட்டுத் தூரம் போய் வந்தான் என்று நினைத்தாள். நசுக்கவில்லை. ஒத்தடம் கொடுத்து, கழுவித் துடைத்து, நர்ஸ் கொடுத்திருந்த களிம்பைத் தடவினாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு அவன் குப்புறப் படுத்துத் தூங்கிப்போனான்.

மறுபடி அந்த நர்சிடம் போவதைவிட வைகையில் இறங்கிவிடலாம் என்றிருந்தது. ஆனாலும் போனாள். என்ன செய்தாள் என்பதை மறைக்காமல் சொன்னாள். விஜயம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. பூனம் வேர்வையை இழுக்காது, அப்படியே தேக்கி வைத்துக்கொள்ளும். மடித்துத் தைத்த ஓரம் பழைய தையலைவிட மோசம். பருத்தியாக இருக்க வேண்டும், ஓரத்தை மடிக்காமல் படுக்கையாகத் தைக்க வேண்டும் என்று ஊசியில் நூல் கோத்துக் காட்டினாள். அழகம்மாள் குனிந்து பார்த்துப் படித்துக்கொண்டாள். தையல் அழகான தையல்தான். மறைப்புத் துணியிலிருந்து இன்னொரு துண்டு வெட்டித் தரட்டுமா என்று விஜயம் கேட்டாள்.

"வேணாம். எங்கிட்டச் சேல இருக்கு" என்றாள் அழகம்மாள்.

கத்தரிப்பூ நிறத்தில் நைந்த பருத்திச் சேலை ஒன்று இருந்தது. அதைக் கிழித்து இரண்டு டவுசருக்கும் வைத்துத் தைத்தாள். புண் ஆறும் வரை காசிமாயன் பஸ்ஸில் போய் வந்தான். பிறகு பழையபடி சைக்கிள். புண் திரும்ப வரவில்லை. குழாயடியில், சோழவந்தான் பக்கம் அடிக்கடி என்ன வேலை என்று கேட்டவர்களிடம் வேண்டுதல் என்று சொல்லி முடித்துக்கொண்டாள். நல்ல கதை, தொண்டை வரை வந்து நின்றது. விழுங்கிவிட்டாள்.

பொறாமை மட்டும் போகவில்லை. சோறு போடும்போது தினமும், இன்றைக்கு நர்சம்மா எதிரே வந்ததா, நின்று பேசியதா, என்ன சொன்னது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவனும் இப்போது சொல்லப் பழகியிருந்தான். தடுப்பூசி போடப் போனது, அவளுடைய சைக்கிள் செயின் கழன்றது, தான் மாட்டிக் கொடுத்தது என்று சொல்வான். செயின் மாட்டிக் கொடுத்த அன்று ரசத்தில் உப்புக் கூடிப்போனது.

தை பிறந்து கொஞ்ச நாளில், விஜயத்துக்கு உசிலம்பட்டிப் பக்கம் மாறுதல் ஆகிவிட்டது என்று சொன்னான். அழகம்மாளுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போல லேசாக இருந்தது. கூடவே, போகுமுன் ஒரு தடவை போய்ப் பார்த்திருக்கலாமே என்றும் இருந்தது. நல்ல மனுசி என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

"அந்த எடத்துக்கு யாரு வந்திருக்கா?"

"வேற நர்சுதான்."

"வயசு?"

காசிமாயன் சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தான். "சின்னப் புள்ளயாத்தான் தெரியுது" என்றான்.