பென் டிரைவில் கொஞ்சம் இடம்

என் கணவரைப் பேருந்துப் பணிமனையில் ‘கத்தரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தச் செலவுச் சீட்டு அவர் மேசைக்குப் போனாலும் பாதியாகத்தான் திரும்பும். சென்ற மாதம் அந்தக் கத்தரி எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியது.

“கேபிளுக்குச் சந்தா ஒண்ணு, அவங்க பெட்டிக்கு வாடகை ஒண்ணு, ரெக்கார்ட் பண்றதுக்குத் தனியா ஒண்ணு. பார்க்கறது மூணு சேனல், முப்பதுக்கு அழணுமா?” என்றார்.

கேள்வி நியாயமானது. நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மாடியில் ஆன்டெனா கட்டினார். கூட வேலை செய்பவரிடம் பழைய ரெக்கார்டர் பெட்டி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினார். கடையில் இருந்ததிலேயே சின்ன பென் டிரைவ் ஒன்றையும் வாங்கிச் செருகினார். மாதச் செலவில்லாமல் படம் பளிச்சென்று வந்தது. கேபிள் கம்பெனியின் பெட்டியைச் சனிக்கிழமைக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. அதன் பிறகு மனம் மாறினால் மறுபடி முன்பணம் கட்டியாக வேண்டும்.

நாங்கள் மூன்று பேரும் விடாமல் பார்ப்பது ஒரு துப்பறியும் தொடர். அது ஓடும் நேரத்தில் அவர் பணிமனையில் இருப்பார். அதனால் பதிவு செய்து, மறுநாள் சாப்பாட்டுக்குப் பின் பார்ப்போம். மூன்றாவது ஆள் மாமா, என் மாமனார். கொதிகலன் பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே காலம் தள்ளியவர். காதில் கருவி வைத்தால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் படித்துவிடுவார். தொலைக்காட்சியில் அவருக்கு எல்லாமே திரையின் அடியில் வரும் சப்டைட்டில்தான். சில சமயம் எழுத்து குரலை முந்திக்கொண்டு வரும், மாமாவும் எங்களை முந்திக்கொண்டு சிரிப்பார்.

ரெக்கார்டர் பெட்டி வந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அப்புறம் தலைவலி என்று சீக்கிரமே அறைக்குப் போனார். மேசையில் நாங்கள் கொலைகாரன் யாரென்று சண்டை போடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டார். துணி மடித்துக்கொண்டே தொடரைக் காதால் பார்த்த எனக்கு அப்போதுதான் உறைத்தது. சமையலறைக்கு வந்தவரை நிறுத்தினேன்.

“மாமா, எழுத்து வரலைதானே?”

“பையன்கிட்ட சொல்லிடாதேம்மா. வெயில்ல ஏறிக் கம்பி கட்டினான். படம் நல்லாத்தான் இருக்கு.”

“வெறும் படத்தை வச்சு என்ன பண்றீங்க?”

“யாரு முழிக்கிறான், யாரு முறைக்கிறான்னு பார்க்கறேன்.”

கேபிள் கம்பெனிப் பெட்டியையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் கணவர் முனகிவிட்டு ஒத்துக்கொள்வார். ஆனால் மாதாமாதம் தண்டம். தண்டம் அழாமலே இதைச் சரிசெய்ய முடியும் என்று எனக்குத் தோன்றியது. நேரடியாக ஓடும் செய்தியில் சப்டைட்டில் ஒழுங்காக வந்தது. அப்படியானால் ஒளிபரப்பில் எழுத்து இருக்கிறது, பெட்டியும் அதை வாங்குகிறது. பதிவில்தான் எங்கோ தொலைகிறது. மருந்துக் கிடங்கில் என் வேலையே இதுதான். ஒரு அட்டைப்பெட்டி காணோமென்றால் எந்தக் கதவு வழியாக வந்தது, கடைசியாக எந்த அலமாரியில் இருந்தது என்று பின்தொடர்வேன்.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். செய்தியைக் கொஞ்சம் பதிவு செய்வது, ஓட்டிப் பார்ப்பது, ஒரே ஒரு அமைப்பை மாற்றுவது, மறுபடி பதிவு செய்வது. மெனுவின் கடைசிப் பக்கத்தில் ஆள் அகப்பட்டான். ‘சப்டைட்டிலையும் பதிவு செய்யவா?’ என்ற கேள்விக்கு நேரே ‘வேண்டாம்’ என்று இருந்தது. ‘வேண்டும்’ என்று மாற்றினேன். எழுத்து வந்துவிட்டது.

கணவர் வந்ததும் திரையைக் காட்டினேன். “பெட்டியை வித்தவர் இப்படி வச்சுக் குடுத்தாரா?”

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். “நான்தான் வச்சேன். பென் டிரைவ்ல இடம் மிச்சமாகும்னு.”

“ரெண்டு விதமாவும் பதிவு பண்ணிப் பார்த்தேன். மிச்சம்னு சொல்ல ஒண்ணுமே இல்லை.”

“எழுத்து எப்படியும் படத்தோட வந்துடும், இது கூடுதலா ஒரு காப்பின்னு நெனைச்சேன்.”

“சந்தாவை வெட்டுங்க, வாடகையை வெட்டுங்க, ஏணியை நான் பிடிக்கறேன். இதை வெட்டறதுக்கு முன்னாடி வீட்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“ரெண்டு வாரமா நீயும்தானே பார்த்தே?”

“பார்த்தேன். எனக்கும் காது கேக்குதே.”

கணவர் அறைக்குப் போய் மாமாவின் தோளைத் தொட்டு அழைத்து வந்தார். மாமா நின்றபடியே செய்தி முழுவதையும், வானிலை உட்பட, ஒரு எழுத்து விடாமல் படித்தார்.

“நாளைக்கே அவங்க பெட்டியைக் கொண்டு போய்க் குடுத்துடு” என்றார்.

கணவர் நிம்மதியாக நகரப் பார்த்தார்.

“எங்கே போறே? உட்காரு. நம்ம தொடர்ல அந்த வக்கீலைக் கொன்னது யாரு?”

“பழைய பதிவுல எழுத்து வராதுப்பா.”

“எழுத்து எதுக்கு? உனக்கு வாய் இல்லையா?”

கணவர் நாற்காலியை விளக்குக்குக் கீழே இழுத்துப் போட்டு, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்தார். நான் டிவியை அணைத்தேன்.

“பாலத்துக்கு அடியில ஒரு செருப்பு கிடைக்குதுப்பா...”

“மெதுவா சொல்லுடா. யாரோட செருப்பு?”