எக்கோ பெட்டியில் அகப்பட்ட சொல்

எருமப்பட்டியில் தங்கசாமி வீட்டின் மேல் மட்டும் 1985 தை மாதத்திலிருந்து நான்கு வருஷம் ஒரே வாக்கியம் ஒலித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் அதில் ஒரு எழுத்துகூட விழவில்லை. கரண்ட் போனாலும் அது நிற்கவில்லை. ஐப்பசி மழையில் கொஞ்சம் நமுத்துக் கேட்டது, சித்திரையில் மொறமொறவென்று கேட்டது. முட்டை விலை ஏறியதையும் கிணறு வற்றியதையும் பேசிய அளவுக்கு ஊர் இதைப் பேசவில்லை. மைக் செட்டுக்காரன் வீடென்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள்.

அது தங்கசாமி தன் கல்யாணத்தன்று தன் வாயாலேயே சொன்னது. எட்டூருக்குக் கேட்காத கல்யாணம் ஒரு கல்யாணமா என்பது அந்தப் பக்கத்துக் குடியானவர்களின் கட்சி. அதனால் அங்கே மைக் செட்டுக்காரர்கள் எந்தத் திருகைக் கண்டாலும் கடைசிவரை திருகிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். தங்கசாமி தன் கல்யாணத்துக்கென்றே மெட்ராஸிலிருந்து டிஜிட்டல் எக்கோ பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தான். பேசுகிற சத்தத்தை எண்களாக்கி உள்ளே வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்கிற பெட்டி. உள்ளே போகும் சத்தத்துக்கு ஒரு திருகு, வெளியே வருவதற்கு ஒன்று, எத்தனை தடவை திரும்புவது என்பதற்கு ஒன்று. அளவாகப் பேசினால் பச்சை விளக்குகள் வரிசையாக எரியும், அளவு மீறினால் சிவப்பு. மூன்றையும் முழுசாகத் திறந்துவிட்டு, சிவப்பு என்ன அழகாக எரிகிறது என்று மாப்பிள்ளைக் கோலத்தில் நின்று ரசித்தான். புத்தி அவ்வளவுதான்.

இணைச்சீருக்கு நேரமாகிவிட்டது. கூறைச்சேலையின் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவன் உடன்பிறந்தவளும் பிடிக்காமல் அங்கே கல்யாணம் நகராது. தாயில்லாத தங்கசாமியை இடுப்பில் சுமந்து வளர்த்த அக்கா சென்னியம்மாள் கெங்கவல்லியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அன்று ஆத்தூரில் பஸ் கிடைக்காமல் தாமதமாகிவிட்டது. ஆளாளுக்கு வந்து அக்கா எங்கே, அக்கா எங்கே என்று கேட்டதில் அவனுக்கு எரிச்சல் மண்டியது. கையிலிருந்த மைக் உயிரோடு இருப்பதை மறந்து, "அக்கா வராட்டிப் போகுது, அதில்லீன்னா கண்ணாலம் நின்னா போயிரும்?" என்றான். புளியமரத்தில் கட்டியிருந்த குழாய்கள் அதை எட்டூருக்கும் சொல்லின. சென்னியம்மாள் அப்போதுதான் சீர்க்கூடையோடு பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டிருந்தாள். வந்தாள், சேலை முனையைப் பிடித்தாள், சீரைக் குறைவில்லாமல் முடித்தாள். பந்தியில் உட்காராமல், கை நனைக்காமல், அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள். அந்த ஊரில் அதற்கு, இனி உறவில்லை என்று அர்த்தம்.

பந்தலைப் பிரித்தார்கள், குழாய்களை இறக்கினார்கள், பெட்டியின் ஒயரையும் பிடுங்கினார்கள். வாக்கியம் மட்டும் இறங்கவில்லை. புதுப்பெண் சௌந்திரம் அதனடியில்தான் விளக்கேற்றினாள். வெளியே வருவதற்கான திருகைக் குறைத்தால் சத்தம் குறைந்தது, ஆனால் அதே கரகரப்பு, சொல் உடைந்து வெட்டுப்படுவதும் அதே. தங்கசாமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ரேடியோ கடை வைத்திருந்த வெங்கடாசலத்திடம் போனான். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"உள்ள போறப்பவே செவப்புல போயிருக்குதுங்க. ஒடஞ்சு போனதை வெளிய எத்தனை கொறச்சாலும் ஒடஞ்சதுதானுங்க," என்றார். சிவப்பு ஒருமுறைகூடச் சிமிட்டாமல், பச்சை நிறைய எரிகிற மாதிரி இன்னொரு சொல் உள்ளே போனால் பழையது இடம் விடும் என்றும் சொன்னார்.

கேட்க லேசாகத்தான் இருந்தது. தங்கசாமி மைக்கைப் பிடித்து மன்னிச்சுருங்கக்கா என்றான். சிவப்பு எரிந்து, அது சண்டைக்கு இழுப்பதுபோல வெளியே வந்தது. பயந்து முனகினான், பச்சை ஒரு பொட்டுகூட எரியவில்லை, வீடெங்கும் வடகம் பொரிகிற இரைச்சல் மட்டும் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு பழைய வாக்கியமே திரும்பி வந்தது. ஆடி போய், தை போய், மகள் பிறந்து நடக்கவும் தொடங்கிவிட்டாள். குழந்தை முதலில் பேசியதே "வராட்டிப் போகுது" என்பதுதான். அன்று தங்கசாமி சோளக்காட்டுக்குள் போய் உட்கார்ந்து அழுதான்.

சௌந்திரம் அழவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கெங்கவல்லிக்குப் பஸ் ஏறினாள். அந்த ஊட்டு வாசலில் நின்று அதைக் கேட்க என்னால் ஆகாது என்று சென்னியம்மாள் சொல்லிப் பார்த்தாள்.

"நாலு வருசமா நான் அதுக்கடியிலதானுங்க சோறாக்கறேன். ஒருக்கா வந்து கேட்டுப்போட்டுப் போங்க," என்றாள் சௌந்திரம்.

உச்சி வெயிலில் வந்து சேர்ந்தார்கள். தங்கசாமி வழக்கம்போல மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சொல்லை எந்த அளவில் சொல்வது என்று திருகுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தால் வாசலில் அக்கா. தலை நரைத்திருந்தது, கணுக்கால்வரை புழுதி, முகம் வாடியிருந்தது. தலைக்கு மேலே வாக்கியம் ஓட, அவள் தரையைப் பார்த்து நின்றாள். அவனுக்குத் திருகு மறந்துவிட்டது, மன்னிப்பும் மறந்துவிட்டது.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்றான்.

பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்து சிவப்புக்கு முன்னால் நின்றன. பழைய வாக்கியம் பாதியில் அறுந்தது. அதே இடத்திலிருந்து, தெளிவாக, கரகரப்பில்லாமல், சாப்பிட்டீங்களாக்கா என்று வீடு கேட்டது. சென்னியம்மாள் கூரையைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டது. மறுபடியும்.

"இல்லியே சாமி," என்று சொல்லிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் கை கழுவினாள்.

அந்தக் கேள்வி இன்றும் அந்த வீட்டின் மேல் நிற்கிறது. அதற்காகச் சௌந்திரம் தினமும் ஒரு படி அரிசி கூடப் போடுகிறாள். வாசலை ஒட்டித் துறையூர் ரோட்டில் போகும் லாரிக்காரர்களும் தபால்காரரும் தலையை நிமிர்த்தாமலே ஆச்சுங்க என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்கள். சாப்பாடு ஆகாதவர்கள் உள்ளே வருவார்கள்.