அத்தான்ர ரீம்

வேரோனிக்கா இரண்டு கையையும் விரித்து பியூனரல் ஹோமின் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். எதிரே அவளுடைய தம்பி அல்பேட். ஒஷாவாவிலிருந்து கார் ஓடி வந்திருந்தான். அவன் போட்டிருந்த ஜக்கெற், நெருப்பணைக்கிற வண்டியின் சிவப்பு.

“உதைக் கழட்டிப்போட்டு உள்ள வா.”

“குளிருதக்கா.”

“கழட்டடா எண்டுறன். உள்ளுக்கு உன்ர அத்தான்ர பெட்டி வைச்சிருக்கு.”

அல்பேட் ஸிப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினான். உள்ளே இருந்த ஸ்வெற்றரும் சிவப்பு.

“வேற நிறத்தில வந்தால் அத்தானுக்கு என்னை ஆரெண்டு தெரியாது,” என்றான்.

அவள் கையை இறக்கி வழிவிட்டாள்.

எல்லாம் பிள்ளைகளால் வந்தது. வேரோனிக்காவின் மகள் செலீனுக்கு டவுன்ரவுண் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அதே வருடம், அல்பேட்டின் மகன் ராகுலனுக்கு நகரத்தின் வடக்கே இருந்த பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. எது திறம் என்று வேரோனிக்காவின் புருசனும் அல்பேட்டும், மச்சான்மார் இரண்டு பேரும், ஒரு மாரிகாலம் முழுக்கத் தர்க்கப்பட்டார்கள். இரண்டுக்கும் இடையில் வருடாவருடம் புட்போல் மட்ச் நடக்கிறது என்று யாரோ சொன்னதும், அங்கேயே தீர்த்துக்கொள்வோம் என்று போனார்கள். காலால் அடிக்கிற பந்து என்றுதான் நினைத்திருந்தார்கள். அங்கே போனால், தலைக்கவசம் போட்ட தடியன்கள் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். மற்றவர்கள் துரத்தி விழுத்தி, மேலே குவியலாகப் படுத்து, எழும்பிக் கூடிக் கதைத்து, திரும்பவும் விழுத்தினார்கள்.

“உது விளையாட்டே இல்லை, அடிபிடி,” என்று வேரோனிக்காவின் புருசன் றெமிஜியஸ் வீட்டுக்கு வந்து சொன்னார். அடுத்த வருடம் மகளின் பக்கத்து நீலத் தொப்பி வாங்கிக்கொண்டு போனார். அல்பேட் மகனின் பக்கத்துச் சிவப்பு ஜக்கெற்றோடு வந்தான்.

பிள்ளைகள் படித்து முடித்து, வேலை எடுத்து, கலியாணமும் செய்துவிட்டார்கள். இரண்டு பேரும் ஒருநாளும் அந்த மைதானத்தை எட்டிப் பார்த்ததில்லை. தகப்பன்மார் ஒரு வருடமும் தவறவிட்டதில்லை. நீலம் அநேகமாகத் தோற்றது. “வெல்லுற ரீமுக்கு ஆரும் கத்தலாம்,” என்பார் றெமிஜியஸ். தோற்ற இரவுகளில் அல்பேட் போன் எடுத்து அவரை வெறுப்பேற்றுவான். சென் ஜேம்ஸ் ரவுணில் அவர்கள் இருந்த பதினாறாம் மாடி முழுக்கக் கேட்க றெமிஜியஸ் திருப்பி ஏசுவார். வேரோனிக்கா புட்டு அவித்துக்கொண்டு இரண்டு பக்கத்து ஏச்சையும் கேட்பாள்.

போன வருடம் நீலம் வென்றது. கடைசி நேரத்தில் ஒரு பெடியன் பந்தோடு கோட்டில் போய் விழுந்தான். தாண்டினானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, நடுவர் தாண்டினான் என்றார். றெமிஜியஸ் கார் நிறுத்துமிடத்தில் ஆடினார். போகிற வழியெல்லாம் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்று அல்பேட்டுக்குக் கட்டளையும் போட்டார். அல்பேட் அவரை ஏற்றாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பஸ்ஸும் சப்வேயும் பிடித்து வீட்டுக்கு வந்தபோதும் றெமிஜியஸ் பாடிக்கொண்டுதான் வந்தார்.

அன்றிலிருந்து மச்சான்மாருக்குள் கதைபேச்சில்லை. வேரோனிக்கா தம்பியோடு போனில் கதைக்கும்போதெல்லாம், முன் அறையில் ரீவியின் சத்தம் தானாகக் குறையும்.

“என்னவாம் அவன்?”

“நீங்களே கேளுங்கோவன்.”

“எனக்கென்னத்துக்கு?”

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பாண் வாட்டப் போட்டுவிட்டு றெமிஜியஸ் குசினிக் கதிரையில் இருந்தார். பாண் துண்டுகள் ரோஸ்ரரிலிருந்து துள்ளி எழும்பியபோது அவர் உயிரோடு இல்லை. ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவ்வளவு அமைதியாக அவர் எதையும் செய்து வேரோனிக்கா பார்த்ததில்லை.

அடக்கப் பூசைக்குக் கோயில் சனிக்கிழமைதான் கிடைத்தது. அன்றைக்குத்தான் மட்ச் என்பது அவளுக்குத் தெரியும். அந்தாள் உயிரோடு இருந்திருந்தால் இந்தச் செத்தவீட்டுக்கு வந்திருக்கமாட்டார், மைதானத்துக்குத்தான் போயிருப்பார்.

அல்பேட் பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தான். செபம் சொல்கிறானாக்கும் என்று நினைத்து வேரோனிக்கா பின்னால் போய் நின்றாள்.

“அந்தப் பெடியன் கோட்டைத் தாண்டேல்லை அத்தான்,” என்று அவன் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “நீங்கள் எண்டபடியாத்தான் அண்டைக்குச் சும்மா போனனான்.”

பிறகு, பதிலுக்கு இடம் விடுகிறவனைப் போலக் காதைப் பெட்டிப் பக்கம் சாய்த்தான்.

பூசையில் ஃபாதர், “றெமிஜியஸ் ஒரு சாந்தமான மனிதர்,” என்று தொடங்கினார். முன்வரிசையில் அல்பேட்டுக்குப் புரைக்கேறியது. செலீன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். ஃபாதர் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, மோட்சத்தைப் பற்றிச் சொன்னார்.

சேமக்காலையில் மண் போட்டு முடிய, எல்லோரும் கோயில் மண்டபத்துக்குச் சாப்பிட வந்தார்கள். றோல்ஸும் மரக்கறிச் சோறும். ஆட்கள் வரிசையில் வந்து வேரோனிக்காவின் கையைப் பிடித்துவிட்டு, சாப்பாட்டு வரிசைக்குப் போனார்கள். சிவப்பு ஜக்கெற்றை மாத்திரம் காணவில்லை. ஒரு தட்டில் நாலு றோல்ஸ் எடுத்துக்கொண்டு அவள் வெளியே போனாள்.

அல்பேட் காருக்குள் இருந்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மடியில் இருந்த போனிலிருந்து யாரோ இங்கிலீசில் மூச்சு விடாமல் கத்திக்கொண்டிருந்தான். வேரோனிக்கா மற்றக் கதவைத் திறந்து ஏறி இருந்தாள். அவன் அவசரமாகப் போனை அமத்தப் பார்த்தான்.

“இருக்கட்டும். ஆர் வெல்லுகினம்?”

“நாங்கள்தான்.”

“கனக்கவோ?”

“கனக்க.”

“பிறகேன் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறாய்?”

அல்பேட் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். “சும்மா வெல்லுறம்,” என்றான்.

போனில் விசில் ஊதியது. கூட்டம் இரைந்தது. வேரோனிக்கா ஒரு றோல்ஸைக் கடித்து, மென்று, விழுங்கினாள்.

“விசில்காரன் உங்களுக்குச் சொந்தமாக்கும்,” என்றாள்.

அவன் திரும்பினான். “என்னது?”

“ஒவ்வொருக்காலும் உங்கட பக்கத்துக்குத்தானே ஊதுறான்.”

“அக்கா, உனக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியாது. நியாயம் அநியாயம் தெரியும்.”

“போனில படமே இல்லை. சத்தம் மட்டுந்தான் வருது!”

“சத்தத்திலேயே களவு விளங்குது.”

“களவோ? இஞ்ச பார், களவெண்டு சொல்லாதை. உங்கட ஆக்களுக்குப் பந்தைப் பிடிக்கத் தெரியாது. கையில வெண்ணெய் பூசிக்கொண்டெல்லோ வந்திருக்கிறாங்கள்!”

“பூசினாலும் நேர்மையாப் பூசுவாங்கள்.”

அல்பேட்டின் குரல் ஏறியது. ஆரம்பத்திலிருந்து விளங்கப்படுத்தத் தொடங்கினான். றோல்ஸ் தட்டை மைதானமாக்கி விரலை ஓடவிட்டான். அவன் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவள் இல்லை என்றாள். கார்க் கண்ணாடிகளில் மூச்சு ஆவி புகாராய்ப் படிந்தது.

யாரோ தட்டினார்கள். வேரோனிக்கா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள். செலீன், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். தாயைப் பார்த்தாள், மாமனைப் பார்த்தாள்.

“அம்மா, என்ன சத்தம்? Everybody's looking. ஃபாதர் போகப்போறாராம், உங்களைத் தேடுறார்.”

“கொஞ்சம் நிக்கச் சொல்லு பிள்ளை.”

கண்ணாடியை ஏற்றினாள். அல்பேட் மடியிலிருந்த போனை எடுத்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், கோப்பை வைக்கிற குழிக்குள் நிமிர்த்தி வைத்தான்.